பூட்டிய வீட்டில் ஆரம்பிக்கலாம்

கேள்வி:

"டாக்டர், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. இரண்டு தடவை நீட் எழுதினேன், சீட் கிடைக்கவில்லை. இப்போது பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. அம்மா ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளிநாட்டில். போன மாதம் முன்னோர் படைப்புக்காக வந்திருந்தார்கள். அவர்கள் பேத்திக்கு என் வயதுதான். அமெரிக்காவில் 'ப்ரீ-மெட்' படிக்கிறாளாம். ஆய்வகத்தில் ஆராய்ச்சி, மாணவர் சங்கத்தில் தலைவி, சனி ஞாயிறு மருத்துவமனையில் தொண்டு என்று சொன்னாள். நல்ல பெண், பீற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மாதிரித் தேர்வு எழுதியதைத் தவிர நான் எதுவுமே செய்யவில்லையே என்று இருக்கிறது. நானும் அதெல்லாம் செய்ய வேண்டுமா? செய்தால் சீட்டுக்கு உதவுமா? எங்கே போய்ச் செய்வது? கல்லூரியை நிறுத்திவிட்டு, கடன் வாங்கியாவது ஒரு வருஷம் சென்னையில் தங்கி கோச்சிங் போ என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?"

பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

சீட்டுக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறாய். உதவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சான்றிதழ் வாங்கித் தருகிறேன், ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்டால் நீ ஏமாறக் கூடாது.

அமெரிக்காவில் 'ப்ரீ-மெட்' என்று தனியாக ஒரு பட்டம் கிடையாது. பிளஸ் டூ முடித்ததும் அங்கே பெரும்பாலும் நேராக மருத்துவத்துக்குப் போக முடியாது. ஏதாவது ஒரு பாடத்தில் நான்கு வருஷ இளங்கலை படிக்க வேண்டும். கூடவே உயிரியல், வேதியியல், இயற்பியல் தாள்களை முடிக்க வேண்டும், எம்கேட் என்ற தேர்வு எழுத வேண்டும். அப்புறம்தான் விண்ணப்பம். அங்கே அதிகம் புழங்கும் பொது விண்ணப்பத்தில், கல்லூரிக் காலத்தில் செய்த வேலைகளை எழுத 15 இடம் உண்டு. அதில் 3-ஐ மட்டும் விரித்து எழுதலாம். தன்னைப் பற்றிய கட்டுரை, பேராசிரியர்களின் கடிதம், நேர்காணல் எல்லாம் உண்டு. ஆக, அந்தப் பெண் செய்யும் ஆராய்ச்சியும் தொண்டும் அவளுக்கு ஆசையாகவும் இருக்கலாம், ஆனால் அவள் தேர்வின் ஒரு பகுதியும் அதுதான். நீ இரண்டு வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டது எப்படி உன் தேர்வுக்காகவோ, அப்படி.

நம் ஊரில் 180 கேள்வி, 720 மதிப்பெண். கட்டுரை இல்லை, நேர்காணல் இல்லை. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால்கூட, உயிரியலில் யாருக்கு அதிகம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நீ ஊருக்கே நல்லது செய்திருந்தாலும் அதில் ஒரு மார்க் ஏறாது. உனக்கு இருக்கும் உண்மையான அனுகூலம் வேறு. 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் சேருகிறவர்களுக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்தச் சான்றிதழ்களையெல்லாம் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வை.

சரி, மார்க் ஏறாது என்றால் எதற்குச் செய்வது?

சீட் கொடுக்கும்போது கேட்காததை, சேர்ந்த மறுநாளிலிருந்து கேட்கிறார்கள். 2019-இல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியமைத்தபோது, படித்து வெளியே வருகிறவர் ஐந்து விதமாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நோய் தீர்ப்பவர், குழுவை நடத்துபவரும் குழுவில் ஒருவராக இருப்பவரும், பேசிப் புரியவைப்பவர், கடைசி வரை படிப்பவர், தொழில் நேர்மை உள்ளவர். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கே தனி வகுப்பு வந்துவிட்டது. முதலாண்டு மாணவர்களுக்குக் கிராமத்தில் சில குடும்பங்களை ஒப்படைத்து, படிப்பு முடியும் வரை அவர்களைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லும் திட்டமும் வந்துவிட்டது. நல்ல மார்க்கோடு வந்த பிள்ளைகள் அந்தக் கிராமத்து வீட்டு வாசலில் நின்று, என்ன கேட்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. பதினைந்து வயதிலிருந்து அவர்களை நாம் வெளியே விடவில்லை.

அங்கே உன்னை நிறுத்தினால் நீ திணற மாட்டாய் என்றுதான் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதும்போது, பொறாமை இருந்தும், 'பீற்றிக்கொள்ளவில்லை' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறாய். எதிரில் இருக்கும் மனுஷியை உள்ளபடி பார்க்கும் கண் அது.

இனி உன் மூன்றாவது கேள்வி. எங்கே போய்ச் செய்வது? எங்கேயும் போக வேண்டாம். உன் அம்மாவிடம் ஒரு சாவிக்கொத்து இருக்கிறதல்லவா, அங்கே ஆரம்பி.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளின் அமைப்பு உனக்கு நன்றாகத் தெரியும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் விழும். பின்கட்டில் கல்தொட்டி, ஆட்டுக்கல், உரல், எப்போதோ வெளியே வைத்த அண்டா. ஆள் இருந்தால் அதெல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும். பூட்டிக் கிடந்தால் ஐப்பசி மழையில் ஒவ்வொன்றும் நிரம்பி நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு சாக்கடை வேண்டாம், இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நனைந்ததும் பொரியும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசு ஆகிவிடும். அதனால்தான் வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும் என்கிறோம்.

கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பணியாளர்கள் பூட்டு தொங்கும் வீட்டை என்ன செய்வார்கள்? 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார்கள். அவர்களால் வேறு என்ன செய்ய முடியும்? அவர்கள் நுழைய முடியாத இடத்துக்கு நீ நுழைய முடியும். அமெரிக்காவில் எவ்வளவு பெரிய ஆய்வகத்தில் இருக்கும் மாணவிக்கும் கிடைக்காத இடம் அது.

இப்போது கேள்வியைப் பார். பூட்டிய வீட்டில் கொசுப்புழு அதிகமா, ஆள் இருக்கும் வீட்டில் அதிகமா? பூட்டிய வீட்டில்தான் என்று சட்டென்று சொல்லிவிடாதே. ஏடிஸ் மனித ரத்தம் தேடும் கொசு. ஆளே இல்லாத வீட்டில் அது ஏன் தங்க வேண்டும்? ஆள் இருக்கும் வீட்டில்தான் தண்ணீர் பிடித்துப் பிடித்து வைக்கிறார்கள். ஆனால் செட்டிநாட்டுத் தெருவில் பூட்டிய வீட்டுக்கும் ஆள் இருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இங்கே முட்டையிட்டு அங்கே போய்க் கடிக்கலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. போய் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். உட்கார்ந்து யோசித்துத் தீராத கேள்விதான் ஆராய்ச்சிக் கேள்வி. உன்னுடையது அந்த வகை.

செய்யும் முறை எளிது, விடாமல் செய்வதுதான் கஷ்டம். ஒரே தெருவில் பூட்டிய வீடு பத்து, குடியிருக்கும் வீடு பத்து எடுத்துக்கொள். மழைக்கு முன்னால் புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை வாரம் ஒரு நாள், அதே நாள். நோட்டில் தேதி, வீடு, என்ன பாத்திரம், தண்ணீர் இருந்ததா, புழு இருந்ததா, கடைசியாக மழை எப்போது. புழு இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும், கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்து வெளிச்சத்தில் பார். அனாஃபிலிஸ் வகைக் கொசுவின் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது, தண்ணீர் மட்டத்தோடு படுத்திருக்கும். கியூலெக்ஸும் ஏடிஸும் தலைகீழாகத் தொங்கும். கியூலெக்ஸின் குழல் நீளம், ஏடிஸின் குழல் குட்டை. கண்ணால் பார்த்து முடிவு கட்டாதே, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் ஆசிரியரிடம் காட்டி உறுதி செய்துகொள். நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பது ப்ரெட்டோ குறியீடு. சுகாதாரத் துறையும் இதே கணக்கைத்தான் போடுகிறது, அதனால் உன் எண்ணை அவர்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம்.

ஒரு விஷயம், நோட்டில் எழுதியதும் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வராதே. ஆராய்ச்சிக்காக அடுத்த வாரமும் புழு இருக்கட்டும் என்று விட்டால், அதற்குள் அந்தத் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். எண்ணியதும் கொட்டித் தேய்த்துவிட வேண்டும். மறுபடி வந்ததா என்று பார்ப்பதே நல்ல தகவல்தான். ஆராய்ச்சியால் யாருக்கும் கெடுதல் வரக் கூடாது என்பதுதான் மருத்துவ ஆராய்ச்சியின் முதல் பாடம்.

வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் ஒரு பூட்டைக்கூடத் திறக்காதே. உன் அம்மாவின் வேலையே நம்பிக்கையில் ஓடுகிறது. அந்தப் பேத்தியிடம் எண் இருந்தால், செய்தி அனுப்பி அவர்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்கச் சொல். அவளுக்கும் இதில் ஆர்வம் வரும், ஆராய்ச்சியில் பழகியவள், உன் அட்டவணையைப் பார்த்து இரண்டு யோசனை சொல்வாள். உள்ளே போகும்போது தனியாகப் போகாதே. ஓடு சரிந்திருக்கும், பாம்பு, தேள் இருக்கும். ஃபோட்டோ எடுத்தால் பாத்திரத்தை மட்டும் எடு. தூண், கதவு, பழைய சாமான் படத்தில் விழக் கூடாது. அதற்காகவே சுற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு என்பது உனக்கும் தெரியும்.

தலைமை எங்கே வருகிறது என்று கேட்பாய். மற்ற ஒன்பது பூட்டிய வீட்டுச் சாவியும் வேறு வேறு ஆட்களிடம் இருக்கிறதே, அங்கே வருகிறது. ஒரு அண்ணன் ஒத்துக்கொள்வார், ஒரு அக்கா 'எங்க வீட்டுல கொசுவே இல்ல' என்று கதவைத் திறக்க மாட்டார். ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாது என்று ஒருவர் சண்டைக்கு வருவார், குழியில் மணலைப் போட்டு நிரப்பலாமே என்று நீ வழி சொல்ல வேண்டும். நாலாவது வாரம் எல்லாருக்கும் சலித்துவிடும், உனக்கும்தான். அந்த வாரம் அவர்களைத் திரும்ப வரவைக்கிறாய் பார், அதற்குப் பதவி தேவையில்லை. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறாயா? இல்லாவிட்டால் சேர். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணியும், ஏழு நாள் முகாமும் அதில் உண்டு. உன் முகாமை இந்தத் தெருவிலேயே போடச் சொல்லிக் கேட்டுப் பார். ஆரம்ப சுகாதார நிலையத்து சுகாதார ஆய்வாளரிடமும் முதலிலேயே போய்ச் சொல்லிவிடு. அவருக்கும் இது வேண்டிய வேலைதான்.

தொண்டு என்றதும் கொடுப்பதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கேட்பது முக்கியமாகப் படுகிறது. ஓ.பி.யில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதயம் பலவீனமான ஒரு வயதான அம்மா. கால் வீங்கி, மூச்சு வாங்கி, திரும்பத் திரும்ப வருவார். நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தால் நாலு நாள் சரியாக இருக்கும், மறுபடி வீங்கும். மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸிங் மாணவி ஒருத்தி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நாளில் போடுவீர்கள், எந்த நாளில் விடுவீர்கள் என்று கேட்டாள். சந்தை நாளிலும் ஆஸ்பத்திரி நாளிலும் போடுவதில்லை என்றார் அந்த அம்மா. இரண்டு பஸ் மாறி வர வேண்டும், மாத்திரை போட்டால் அடிக்கடி போக வேண்டும், வழியில் எங்கே போவது? வெளியூர் போகிற நாளில் மட்டும் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளச் சொன்னோம். வீக்கம் அடங்கியது. அவள் மாத்திரை எதையும் மாற்றவில்லை, அது அவள் வேலை இல்லை. கேட்டு வந்து சொன்னாள், அவ்வளவுதான். உன் தெருவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் ஆச்சிகள் எத்தனை பேர்! சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. அந்தத் தன்னார்வலர் அக்காவோடு ஒரு நாள் போய்ப் பார். நீ பேச வேண்டாம், கேள்.

படிப்பு, ஆராய்ச்சி, தலைமை, தொண்டு என்று நாலையும் நாலு இடத்தில் தேடிக்கொண்டிருந்தாய். நான் சொல்வது ஒரு தெரு, ஒரு நோட்டு. முத்துலட்சுமி ரெட்டி உனக்குப் பக்கத்து ஊர்க்காரர், 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளை ஆண்கள் கல்லூரிக்குள் வரக் கூடாது என்று பெற்றோர்கள் எதிர்த்தபோதும் மன்னர் இடம் கொடுக்க, அங்கே படித்துத்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912-இல் டாக்டர் ஆனார். தன் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனதை அவர் மறக்கவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்று, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கினார். அதற்குள் சட்டமன்றம், பெண்கள் இல்லம் என்று எத்தனையோ செய்தார். ஆனால் வீட்டுக்குள் பார்த்த அந்த ஒரு சாவை விடவே இல்லை.

மெடிக்கல் கிடைக்காமலே போனால் இதெல்லாம் வீணா என்று உனக்குள் ஒரு பயம் இருக்கும். விலங்கியல் படிக்கிறவளுக்கு அந்தப் பயம் வேண்டாம். புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கொசுவும் அது பரப்பும் நோயும்தான் அங்கே வேலை. பொது சுகாதாரப் பூச்சியியல் என்று எம்.எஸ்சி. நடத்துகிறார்கள், விலங்கியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். மதுரையிலேயே அதே துறையில் அவர்களுக்கு ஓர் ஆய்வு நிலையம் உண்டு. இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களை விஞ்ஞானிகளிடம் இரண்டு மாதம் வேலை செய்ய அனுப்புகின்றன, உதவித்தொகையும் உண்டு. அந்த விண்ணப்பத்தில் 'இதுவரை என்ன செய்தாய்' என்ற இடத்தில் எழுத உன்னிடம் ஒரு நோட்டு இருக்கும். காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அந்தப் பெரிய காம்பவுண்டைத் தாண்டித்தான் நீ கல்லூரிக்குப் போவாய் என்று நினைக்கிறேன். செப்டம்பர் 26-ஐ ஒட்டிப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுவது வழக்கம், ஒரு தடவை உள்ளே போய் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசிவிட்டு வா.

கடைசியாக, அம்மா சொல்லும் கடன். வேண்டாம். கல்லூரியை நிறுத்தவும் வேண்டாம். படிப்பையும் விட்டுவிட்டு, கடனையும் சுமந்து மூன்றாவது தடவை எழுதப் போனால், பரீட்சை ஹாலில் பயம் முதலில் உன்னோடு உட்காரும். உயிரியலில் 90 கேள்வி, அது உன் தினசரிப் பாடத்தோடு ஒட்டியே இருக்கிறது. உன்னை இழுத்துவிடுவது பெரும்பாலும் இயற்பியலாகத்தான் இருக்கும். 45 கேள்வி, 180 மதிப்பெண். விலங்கியல் வகுப்பில் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள், இரண்டு வருஷத்தில் எல்லாம் மறந்திருக்கும். காலையில் கல்லூரிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இயற்பியல் மட்டும், பதினோராம் வகுப்புப் புத்தகத்திலிருந்து, கணக்கைக் கையால் போட்டு. ஒரு நல்ல பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் சந்தேகம் தீர்த்தால் போதும், ஊரில் கேட்டால் கிடைப்பார். வருகிற மே மாதம் எழுது, பட்டம் முடிக்கும் வருஷம் இன்னொரு தடவை எழுது. நீட்டுக்கு அதிகபட்ச வயது வரம்பும் இல்லை, தடவைக் கணக்கும் இல்லை. ஆனாலும் அதோடு நிறுத்திக்கொள், அதற்கு மேல் உன் இருபதுகளை அதற்குக் கொடுக்காதே.

அம்மாவிடம் இதை நீயே சொல். கடனுக்காக எதையாவது அடகு வைக்க நினைத்திருந்தால் அது பெட்டியிலேயே இருக்கட்டும். உள் ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசு பார்த்துக்கொள்ளும். ஆனால் வெள்ளைக் கோட்டு, ஸ்டெத், புத்தகம், ஊருக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் அப்போது வரும், அதற்கு வேண்டியிருக்கும்.